முக்காப்படி அரிசியும் 2/5 என்ற விடையும்

ஏப்ரல் மாதக் கடைசி வேலைநாள். ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமிக்குப் பிறந்தநாள். அவளுடைய அப்பா ஒரு கேக் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தார். வகுப்பில் 34 பிள்ளைகள், கேக் ஒரு கிலோ. வெட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கத்தியை வைத்துக்கொண்டு, முதல் பெஞ்சில் இருந்த மாணவியிடம் விளையாட்டாகக் கேட்டேன்:

"உனக்கு இந்தக் கேக்கில் நாலில் ஒரு பங்கு வேணுமா, எட்டில் ஒரு பங்கு வேணுமா?"

"எட்டில் ஒண்ணு டீச்சர்" என்றாள், யோசிக்காமல். பின்னால் இருந்து இன்னும் நாலைந்து குரல்கள், "எனக்கும் எட்டு, எனக்கும் எட்டு!"

அவள் மூன்றாம் பருவத் தேர்வில் பின்னங்கள் பாடத்தில் ஒரு மதிப்பெண்கூடக் குறையாமல் வாங்கியவள். வேற்றினப் பின்னங்களை மீச்சிறு பொது மடங்கு கண்டு கூட்டி, தகா பின்னத்தைக் கலப்பு பின்னமாக மாற்றி, கடைசி விடைக்குக் கட்டம் கட்டி வைத்திருந்தாள். அந்தத் தாளை நான்தான் மற்ற பிள்ளைகளுக்குக் காட்டி, "இப்படி எழுதணும்" என்றேன். கேக்கை வெட்டிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த "எட்டில் ஒண்ணு" மட்டும் என்னோடு விடுமுறைக்கு ஊருக்கு வந்தது.

ஊர் என்றால் அம்மா வீடு, தஞ்சாவூர்ப் பக்கம். போன முதல் பத்து நாள் நான் எதையும் செய்யவில்லை. இதை மறைக்காமலே எழுதிவிடுகிறேன். விடுமுறையில் ஆசிரியர் பயனுள்ள ஏதாவது செய்தாக வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. "உங்களுக்கென்ன, லீவு" என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்லியே பாதி விடுமுறை போய்விடும். மீதியில் மாணவர் சேர்க்கை வேலை, எமிஸ் பதிவு, பயிற்சி என்று ஏதாவது வந்துவிடும். இந்த முறை பத்து நாள் மத்தியானம் தூங்கினேன். சாயங்காலம் ஆற்றங்கரை வரை நடந்தேன். ஆறாவது ஏழாவது நாளில் அம்மா, "இப்பத்தாண்டி உன் தொண்டை சரியாச்சு. வந்தப்ப கரகரன்னு இருந்துச்சு" என்றாள். எனக்கே தெரியாமல் இருந்தது அது. ஒரு நாளைக்கு ஆறு பாடவேளை கத்துகிறவளுக்குத் தன் குரல் எப்படி இருக்கிறது என்பது மறந்துபோகிறது. ஓய்வு எடுக்காமல் இருந்திருந்தால் அடுத்து நடந்த எதையும் நான் கவனித்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

பதினோராம் நாள் அம்மா வடாம் போடுவதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். என் அண்ணன் மகள் வந்திருந்தாள். அவளும் ஆறாம் வகுப்பு முடித்தவள்தான். "உள்ள பானையில அரிசி இருக்கு. முக்காப்படி எடுத்துட்டு வா" என்று அம்மா அவளை அனுப்பினாள். அவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"பாட்டி, முக்காப்படி இல்லையே. ஒரு படி இருக்கு, அரைப்படி இருக்கு, இந்தச் சின்னது ரெண்டு இருக்கு."

"அரைப்படியில ஒண்ணு, காப்படியில ஒண்ணு போடு. முக்காப்படி ஆயிடும்."

அவள் அளந்து கொண்டுவந்து கொட்டினாள். எனக்குள் இருந்த டீச்சர் சும்மா இருக்கவில்லை. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் 1/2 + 1/4 என்று எழுதி, "இதைப் போடு பார்ப்போம்" என்றேன். அவள் 2/6 என்று எழுதினாள். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அத்தை, பாட்டி முக்கால்னு சொல்றாங்க. எனக்கு ரெண்டு பை ஆறு வருது. ரெண்டும் ஒண்ணா?"

அவளிடம் படியைக் கொடுத்து, "ரெண்டு பை ஆறு படி அரிசி எவ்வளவு இருக்கும், காட்டு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "ஆறுல ரெண்டுன்னா மூணுல ஒண்ணு. அரைப்படியைவிடக் கம்மி" என்றாள். பிறகு அவளே, "அரைப்படி போட்டு, அதுக்கு மேல காப்படியும் போட்டோம். அப்புறம் எப்படிக் கம்மியாகும்?" என்று சிரித்தாள்.

என் வகுப்பில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய தாள்கள் ஏழெட்டாவது இருந்தன. அத்தனையிலும் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டிருந்தேன். 2/5 என்பது 1/2ஐவிடச் சிறியது. ஒன்றோடு ஒன்றைக் கூட்டிய பிறகு முன்பு இருந்ததைவிடக் குறைந்துபோயிருக்கிறது. அரைத் தோசை தின்றவன் இன்னும் கொஞ்சம் தின்ற பிறகு, மொத்தத்தில் அரைத் தோசைக்கும் குறைவாகத் தின்றதாகக் கணக்கு சொல்கிறது. இந்த ஒரு கேள்வியை நான் ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை. "மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிக்க மறந்துட்டே" என்று மட்டும் எழுதியிருந்தேன். அவர்கள் மறந்தது அதை அல்ல.

அன்று சாயங்காலம் அண்ணன் மகள் தன் மதிப்பெண் அட்டையை எடுத்துவந்து காட்டினாள். கணக்கில் வளரறி மதிப்பீடு 36/40. தொகுத்தறி மதிப்பீடு 51/60. மொத்தம் 87/100. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாணவனின் முகம் நினைவுக்கு வந்தது.

பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, பின்னங்களின் கூட்டல் நடத்திக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து, "மார்க்குக்கு மட்டும் மேலயும் மேலயும், கீழயும் கீழயும் கூட்டுறீங்களே டீச்சர்?" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. "அது வேற, இது வேற. உட்காரு." பாடவேளை முடியப் பத்து நிமிடம் இருந்தது. கரும்பலகையில் இன்னும் இரண்டு கணக்குகள் பாக்கி இருந்தன. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடத்தில் என்னிடம் பதிலும் இல்லை. அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்தப் பாடம் முடியும் வரை அவன் எதையும் கேட்கவில்லை. தேர்வில் 2/5 எழுதிய தாள்களில் ஒன்று அவனுடையது.

அவன் கேட்டது நல்ல கேள்வி. பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்க்கும் பின்ன வடிவ எழுத்து எது? பாடப்புத்தகத்தில் இருப்பது அல்ல, அவர்களுடைய தாளின் மேல் மூலையில் நாம் எழுதும் மதிப்பெண். 8/10 என்று நாமே எழுதுகிறோம். 36/40ஐயும் 51/60ஐயும் கூட்டி 87/100 என்று நாமே பதிவேட்டில் எழுதுகிறோம். ஆண்டு முழுவதும் அவர்கள் கண் முன்னால் இப்படிக் கூட்டிவிட்டு, ஒரு பாடத்தில் மட்டும் அப்படிக் கூட்டினால் தவறு என்கிறோம். பிள்ளை குழம்பியிருக்கிறான் என்பதைவிட, நம்மிடமிருந்தே கற்றுக்கொண்டிருக்கிறான் என்பதுதான் சரி.

அப்படியானால் வேறுபாடு எங்கே? அன்றிரவு மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு யோசித்தேன். மதிப்பெண்ணில் முழுமை வளர்ந்துகொண்டே போகிறது. 40 மதிப்பெண் தேர்வு ஒன்று, 60 மதிப்பெண் தேர்வு ஒன்று, இரண்டும் சேர்ந்து 100 மதிப்பெண் தேர்வாகின்றன. அதனால்தான் கீழே இருப்பவற்றையும் கூட்டுகிறோம். அங்கே நாம் கேட்கும் கேள்வி, "இந்தப் பெரிய தேர்வில் அவள் எவ்வளவு வாங்கினாள்?" என்பது. அரிசியில் அப்படி இல்லை. அரைப்படி போட்டாலும் காப்படி போட்டாலும் நாம் ஒப்பிடுவது அதே ஒரு படியோடுதான். முழுமை மாறவில்லை. 36/40ஐயும் 51/60ஐயும் பின்னங்களாகவே எடுத்துக் கூட்டினால் 18/20 + 17/20 = 35/20, அதாவது ஒன்றே முக்கால். ஒரு தேர்வில் ஒன்றே முக்கால் தேர்வுக்கான மதிப்பெண் வாங்க முடியாது என்பதால்தான் பதிவேட்டில் நாம் அப்படிக் கூட்டுவதில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். மேலே மேலே, கீழே கீழே கூட்டினால் கிடைக்கும் விடை எப்போதும் இரண்டுக்கும் நடுவில்தான் வந்து நிற்கும். 36/40 என்பது நூற்றுக்கு 90, 51/60 என்பது நூற்றுக்கு 85, கிடைத்தது 87. 2/5ம் அப்படித்தான்: 1/3ஐவிடப் பெரியது, 1/2ஐவிடச் சிறியது. கூட்டல் விடை இரண்டையும்விடப் பெரியதாக அல்லவா இருக்க வேண்டும்? இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க முடியும், நாம் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் அம்மாவிடமிருந்து அந்த அளவுப் பாத்திரங்களை வாங்கி வரிசையாக வைத்தேன். படி, அரைப்படி, காப்படி, அரைக்காப்படி. கடைசியில் இருப்பதை அம்மா ஆழாக்கு என்றும் சொல்வாள். எட்டு ஆழாக்கு ஒரு படி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நெல்லை இப்போது கிலோவில் நிறுத்துதான் விற்கிறார்கள் என்றாலும் இந்தச் சொற்கள் அம்மா வாயிலிருந்து போகவில்லை. படியின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். இது குறைபாடு போலத் தெரிந்தாலும் பின்னம் கற்பிக்கிறவருக்கு நல்ல உதாரணம். எங்கள் ஊர் அரைப்படியும் பக்கத்து ஊர் அரைப்படியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எதன் பாதி என்று கேட்காமல் பாதி என்பதற்குப் பொருள் இல்லை.

பாத்திரங்களைவிட அந்தப் பெயர்கள்தான் என்னை நிறுத்திவைத்தன. முக்கால் என்பது மூன்று கால். கால் என்பது இங்கே ஒரு பொருளின் பெயர் போல நிற்கிறது. மூன்று என்பது அந்தப் பொருள் எத்தனை என்று சொல்கிறது. மூன்று மாம்பழம், மூன்று நாற்காலி, மூன்று கால். ஒரு காலோடு இரண்டு கால் சேர்ந்தால் மூன்று கால். எந்தப் பிள்ளையும் இதைத் தவறாகச் சொல்லாது. நாமோ 3/4 என்று எழுதிவிட்டு "மூணு பை நாலு" என்று வாசிக்கிறோம். அப்படி வாசிக்கும்போது அது இரண்டு தனித்தனி எண்களாகிவிடுகிறது. இரண்டு எண்கள் என்றால் பிள்ளை இரண்டையும் கூட்டத்தானே செய்யும்? எட்டு என்ற எண் நாலைவிடப் பெரியதாகத்தானே தெரியும்? "எட்டில் ஒண்ணு" கேட்ட சிறுமியின் பிழைக்கும் 2/5 எழுதியவனின் பிழைக்கும் வேர் ஒன்றே.

இன்னும் பாருங்கள். ஒன்றேகால் என்கிறோம். நடுவில் இருக்கும் ஏகாரம் கூட்டல் வேலை செய்கிறது: ஒன்றும் காலும். ஒன்றேமுக்கால், இரண்டேகால், எல்லாம் அப்படியே. அரைக்கால் என்பதில் அந்த ஏகாரம் இல்லை. அது அரையும் காலும் அல்ல, காலில் அரை. அதாவது எட்டில் ஒன்று. ஒரு பின்னத்தின் பின்னம் காண்பது, அதாவது 1/2 × 1/4, அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. காலே அரைக்கால் என்றால் 3/8. அரையே அரைக்கால் என்றால் 5/8. பெருக்கலும் கூட்டலும் ஒரே சொல்லில் நடக்கின்றன. கலப்பு பின்னம் ஏன் கூட்டல், பின்னத்தின் பின்னம் ஏன் பெருக்கல் என்று நான் ஏழாம் வகுப்பில் ஒரு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். இந்தச் சொற்களைப் பிறந்ததிலிருந்து கேட்டவள் நான். பதினான்கு வருடம் கணக்கு நடத்தியும் ஒரு தரம்கூட இவற்றைக் கரும்பலகையில் எழுதியதில்லை.

பழைய எண்சுவடிகளில் இந்தக் கீழ்வாய் இலக்கங்கள் இன்னும் கீழே போகும். மாகாணி 1/16, காணி 1/80, முந்திரி 1/320, அதற்கும் கீழே கீழ்முந்திரி 1/1,02,400. திண்ணைப் பள்ளிகளில் இவற்றை வாய்ப்பாடாகவே ஒப்பித்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது "அந்தக் காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு கெட்டிக்காரர்கள்" என்ற பெருமூச்சு கேட்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் திண்ணைகளில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உட்கார முடிந்ததா என்ன? நான் முந்திரி வாய்ப்பாட்டைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அரை, கால், முக்கால், அரைக்கால், இந்த நான்கும் பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தலாம் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. அரைப்படி, காப்படி வரிசையில் எல்லாமே பாதி, பாதியின் பாதி. மூன்றில் ஒன்றுக்கோ ஐந்தில் ஒன்றுக்கோ அதில் பாத்திரம் இல்லை. 1/2 + 1/3 என்ற கணக்கை அரிசியில் காட்ட முடியாது. அதற்கு வேறு வழி வேண்டும்.

இதற்கிடையில் ஓர் ஆறுதலும் கிடைத்தது. 1978இல் அமெரிக்காவில் நடந்த தேசிய அளவிலான கற்றல் மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் 12/13 + 7/8 என்பதன் விடை தோராயமாக எவ்வளவு என்று கேட்டார்கள். கணக்குப் போட வேண்டாம், 1, 2, 19, 21 ஆகியவற்றில் எதற்கு அருகில் என்று தேர்ந்தால் போதும். இரண்டுமே ஒன்றுக்கு மிக அருகில் இருப்பவை. ஆகவே விடை 2. அதைச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டோர் 19 அல்லது 21 என்றார்கள். மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21. ஆக இது என் வகுப்பின் நோய் மட்டுமல்ல. ஆனாலும் எனக்குக் கிடைக்கும் பாடவேளையில் நான் என்ன செய்யப்போகிறேன் என்பது அப்படியே நின்றது.

மே கடைசி வாரத்தில் ஒரு நோட்டு எடுத்து எழுதத் தொடங்கினேன். பெரிய திட்டம் எதுவும் இல்லை. பள்ளி திறந்த முதல் வாரத்தில், புத்தகத்துக்குள் போவதற்கு முன் நான்கு பாடவேளை. ஆறாவதில் இருந்தவர்கள் இப்போது ஏழாவது. செய்தித்தாளிலிருந்து 60 செ.மீ. நீளத்தில் காகிதப் பட்டைகள் வெட்டிக்கொண்டேன். 60 என்று எடுத்ததற்குக் காரணம் உண்டு: 2, 3, 4, 5, 6 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். அரை 30, மூன்றில் ஒன்று 20, கால் 15, ஐந்தில் ஒன்று 12, ஆறில் ஒன்று 10. ஆளுக்கு ஐந்தாறு பட்டை வீதம் 34 பேருக்கு வெட்டி முடிக்க இரண்டு சாயங்காலம் ஆனது. அண்ணன் மகளும் சேர்ந்து வெட்டினாள். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

ஜூனில் முதல் நாள் மடிப்பு. பாதி எளிது, கால் எளிது. அரைக்கால் என்றதும் காலை மறுபடி பாதியாக மடித்தார்கள். "காலில் அரை, அரைக்கால்" என்று சேர்ந்து சொன்னோம். மூன்றாக மடிக்கச் சொன்னதும் வகுப்பு திணறியது. பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்து, நாலு வந்ததும் ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டு, "மூணு டீச்சர்" என்று காட்டினான் ஒருவன். அவனைத் திட்டவில்லை. கிழித்த துண்டை மேசையில் வைத்து, "இதையும் சேர்த்தாத்தானே முழுசு?" என்று கேட்டேன். ஒரு பெண் பட்டையைக் குழாய் போலச் சுருட்டி, மூன்று சுற்று வரும்வரை இறுக்கி, பிறகு அமுக்கித் தட்டையாக்கினாள். ஏறக்குறைய சரியாக வந்தது. நான் யோசிக்காத வழி. ஐந்தாக மடிப்பது யாருக்கும் வரவில்லை. அதற்கு அளவுகோலைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் வாசிப்பு. "பை" என்ற சொல்லுக்கு நான்கு நாள் விடுமுறை என்று அறிவித்தேன். 1/3ஐ "மூன்றில் ஒன்று" என்றும், 2/3ஐ "மூன்றில் ஒன்று, இரண்டு தரம்" என்றும்தான் சொல்ல வேண்டும். நாக்கு பழகவில்லை. எனக்கே இரண்டு தடவை "பை" வந்துவிட்டது, பிள்ளைகள் கைதட்டிப் பிடித்தார்கள். அன்று அவ்வளவுதான் நடந்தது.

மூன்றாம் நாள்தான் 1/2 + 1/3. கணக்குப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி: விடை அரையைவிடப் பெரியதா, சிறியதா? ஒன்றைவிடப் பெரியதா, சிறியதா? எல்லோரும் அரையைவிடப் பெரியது, ஒன்றைவிடச் சிறியது என்றார்கள். அரைப் பட்டையையும் மூன்றில் ஒரு பட்டையையும் முனையோடு முனை சேர்த்து வைத்தார்கள். "இப்ப இது எவ்வளவு? பேர் சொல்லுங்க" என்றேன். அமைதி. ஒருவன், "ஒரு அரை, ஒரு மூணுல ஒண்ணு" என்றான். அது சரிதான், ஆனால் ஒரே பெயரில் சொல்ல வேண்டும். ஒரு மாம்பழத்தையும் ஒரு வாழைப்பழத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் "இரண்டு பழம்" என்று பொதுப்பெயருக்குப் போகிறோம். அரைக்கும் மூன்றில் ஒன்றுக்கும் பொதுவான துண்டு எது? தேடச் சொன்னேன். கால் துண்டை வைத்துப் பார்த்தார்கள், மிஞ்சியது. ஐந்தில் ஒன்றை வைத்தார்கள், குறைந்தது. ஆறில் ஒன்றை அடுக்கியதும் அரையில் மூன்று, மூன்றில் ஒன்றில் இரண்டு என்று கச்சிதமாகப் பொருந்தியது. மொத்தம் ஐந்து, ஆறில் ஒன்றுகள். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "இதுக்குத்தான் டீச்சர் மீச்சிறு பொது மடங்கு எடுக்கச் சொன்னீங்களா?" என்று கத்தினான். ஆமாம், இதற்குத்தான். முந்தைய வருடம் சொல்லாமல் விட்டது அதைத்தான்.

பிறகு 2/5 என்ற விடையைக் கரும்பலகையில் எழுதி, ஐந்தில் ஒன்று துண்டுகள் இரண்டை அரைப் பட்டைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். 24 செ.மீ.க்கும் 30 செ.மீ.க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் இருந்தவனைப் பார்த்துச் சொன்னேன். "போன வருஷம் நீ ஒரு கேள்வி கேட்டே. மார்க்குக்கு மட்டும் ஏன் மேலயும் கீழயும் கூட்டுறீங்கன்னு. அதுக்கு இன்னைக்குப் பதில் சொல்றேன்."

"எப்ப டீச்சர்?" என்றான். அவனுக்கு உண்மையாகவே நினைவில்லை.

பக்கத்திலிருந்த பெண் சொன்னாள்: "கேட்டான் டீச்சர். நீங்க உட்காருன்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன். எனக்கு அன்னைக்குப் பதில் தெரியல" என்றேன். வகுப்பில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு 36/40, 51/60, 87/100 மூன்றையும் எழுதிவைத்துப் பேசினோம். 40 மதிப்பெண் தாளையும் 60 மதிப்பெண் தாளையும் சேர்த்துப் பெரிய தாளாக்குகிறோம், அரிசியிலோ அதே ஒரு படிதான் என்பதைப் பாதிப் பேர் பிடித்துக்கொண்டார்கள். மீதிப் பேருக்கு இன்னும் ஒரு நாள் வேண்டும். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப மார்க்கை வேற மாதிரி எழுதலாமே டீச்சர், நாப்பதுக்கு முப்பத்தாறுன்னு" என்றான். அன்று முதல் என் வகுப்புத் தாள்களில் நான் சாய்கோடு போடாமல் அப்படித்தான் எழுதுகிறேன். பதிவேட்டில் மாற்ற முடியாது, அது என் கையில் இல்லை.

நான்காம் நாள் தண்ணீர். பள்ளியில் ஆழாக்கு தெரிந்த பிள்ளைகள் மூன்று பேர்தான் இருந்தார்கள், ஆகவே அரை லிட்டர், கால் லிட்டர் பால் பாக்கெட்டுகளையும் ஒரு லிட்டர் பாட்டிலையும் கொண்டுவரச் சொன்னேன். தரை முழுவதும் தண்ணீர். யார் ஊற்றுவது என்று இரண்டு குழுக்களுக்குள் சண்டை. மூன்று கால் லிட்டர் முக்கால் லிட்டர் என்பதைத் தவிர அன்று புதிதாக எதையும் கற்றதாகத் தெரியவில்லை. அடுத்த முறை இதை நால்வர் குழுவாக, மரத்தடியில் வைத்துச் செய்வேன். முடிந்தால் ஆறாம் வகுப்பில் மூன்றாம் பருவம் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே அளத்தலைத் தொடங்கிவிடலாம் என்றும் தோன்றுகிறது. இந்த ஆண்டு புதிதாக ஆறாவது வந்திருப்பவர்களிடம் அதைச் செய்து பார்க்கப்போகிறேன்.

நான்கு நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. போன வாரம் ஒரு சிறு தேர்வு வைத்தபோதும் ஏழெட்டுப் பேர் 1/4 + 1/3க்கு 2/7 எழுதியிருந்தார்கள். குறுக்குக் கோடு போடவில்லை, "இது காலைவிடப் பெரியதா, மூன்றில் ஒன்றைவிடப் பெரியதா?" என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து பேர் தாங்களே திருத்திக் கொண்டுவந்தார்கள். மற்றவர்களோடு பட்டையை எடுத்துவைத்து உட்கார வேண்டியிருக்கிறது.

முதல் பெஞ்சுச் சிறுமியிடம் கேக் கேள்வியை மறுபடி கேட்டுப் பார்த்தேன். நாலில் ஒன்றா, எட்டில் ஒன்றா? உடனே பதில் சொல்லவில்லை. என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "ஒரே கேக்கா டீச்சர், இல்ல வேற வேற கேக்கா?" என்று கேட்டாள். பலகையில் ஒரு சின்ன வட்டமும் ஒரு பெரிய வட்டமும் வரைந்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது அந்த இரண்டு வட்டங்களையும் அழிக்க விடாமல் காவல் காத்து வைத்திருந்தார்கள்.